கற்றல் வளைகோடும் ஒரு கணினி விளையாட்டும்



கல்வியைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்தாளும் தொடர்களுள் 'கற்றல் வளைகோடு' என்பது ஒன்று. ஒரு கலை கற்பதற்கு அரிதாக இருந்தால், 'அதன் கற்றல் வளைகோடு மிகவும் செங்குத்தானது' என்று பலரும் கூறக் கேட்கின்றோம். மலை செங்குத்தானால் ஏறுவது அரிது. கலையும் அத்தகையதே என்பது அவர்கள் கருத்துப் போலும். ஆனால், உளநூலார் வரைந்த படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். பயிற்சி செய்த நாட்களைக் கிடைக்கோட்டிலும், அடைந்த திறமையை நிலைக்கோட்டிலும் குறிப்பது வழக்கம். அவ்வாறு குறித்தால், செங்குத்தாக எழும் கோடு, சில நாளில் மிகுந்த திறமை வந்துவிட்டது என்பதையே காட்டும். கற்பதற்கு அரிய கலையின் கோடு எழாது, படுத்துக் கிடக்கும். இந்தப் படுத்துக் கிடக்கும் கோட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அதற்கு நான் சான்றாக எடுத்துக்கொள்வது ஒரு கணினி விளையாட்டு. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் விளையாட்டைப் பற்றிப் பேச வந்தது கேட்டு மாணவர் சிலர் மகிழலாம்; பெற்றோர் சிலர் வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைக்கவும் கூடும். குறைக்க வேண்டா என்று கேட்டுக்கொள்கின்றேன். வகுப்பில் ஒரு மாணவன் கற்கும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது நமக்குப் புலப்படுவதில்லை. தேர்வு ஆண்டுக்குச் சில முறையே வருகின்றது. அதற்குள் அவன் எங்கே ஏறினான், எங்கே நின்றான் என்பது மறைந்துபோகின்றது. விளையாட்டிலோ, ஒருவன் ஒரே இடரை ஒரு மாலைப்பொழுதில் பத்து முறை எதிர்கொள்கின்றான். அருகில் அமர்ந்து பார்ப்பவனுக்குக் கோடு எழுவதும் கிடப்பதும் கண்ணெதிரே தெரிகின்றன.

விளையாட்டின் பெயர் 'பால்டர்ஸ் கேட்'. இது வேடமேற்று ஆடும் விளையாட்டு வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்குத் தாய், அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதாகும். நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் போர்வீரர், ஒருவர் பூசகர், ஒருவர் கள்வர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் கொள்வர். இருபது முகங்கொண்ட பகடையை உருட்டி, வாள் பட்டதா, தவறியதா என்பதை அறிவர். இந்த விதிகளைக் கணினிக்குக் கொண்டுவந்தோர் பலர். அவருள் கனடா நாட்டு எட்மண்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனத்தார் 1998-இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டையும், 2000-இல் அதன் இரண்டாம் பாகத்தையும், 2001-இல் அதற்கொரு பிற்சேர்க்கையையும் வெளியிட்டனர். ஆடுபவன் அறுவர் வரை கொண்ட ஒரு குழுவை நடத்திச் செல்கின்றான். போர் நடக்கும்போது எந்தக் கணத்திலும் அதை நிறுத்தி வைத்து, ஒவ்வொருவருக்கும் கட்டளையிட்டுப் பின் தொடரலாம். ஆதலால் இது கைவிரைவு வேண்டும் ஆட்டம் அன்று. சதுரங்கத்துக்கே நெருங்கிய உறவினது.

இதில் எதிரியாக வருபவன் மனிதன் அல்லன், இயந்திரம். அவன் எப்படிச் சிந்திக்கின்றான்? 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்' என்னும் வாய்பாட்டில் அவனுக்குக் கட்டளைகள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. பகைவன் கண்ணில் பட்டால் நெருப்பை ஏவு, உடல் நலிந்தால் மருந்தைக் குடி, இப்படி. மூல விளையாட்டில் பல எதிரிகளுக்கு எழுதப்பட்டவை மிகச் சுருக்கமானவை. ஆடுவோர் இதனை விரைவில் கண்டுகொண்டனர். எதிரியின் பார்வைக்கு எட்டாத தொலைவில் நின்று நச்சுப்புகையை ஏவினால், அவன் அப்புகைக்குள்ளேயே நின்று மாண்டுபோவான். வெளியே வரவேண்டும் என்று அவனுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ஃபிர்க்ராக் என்று ஒரு சிவந்த டிராகன் வருகின்றது. பேச்சு முற்றும் வரை அது போருக்கு எழாது. அதற்குள் கள்வன் வேடத்தான் அதன் காலடியிலேயே பொறிகளை வரிசையாக வைத்துவிட்டால், போர் தொடங்கிய கணத்திலேயே முடிந்துவிடும். வாயிற்காவலன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டைக் கழற்றுவது போன்றது இது. இவ்வாறு வென்றவன், தான் திறமையுடையவன் என்று நம்புவதில் வியப்பில்லை. உண்மையில் அவன் கற்றது எதிரியின் மறதியை. விளையாட்டின் விதிகளை அன்று.

விளையாட்டைக் கடினமாக்க வேண்டுமானால் அதற்கென ஓர் அமைப்பு மூலத்திலேயே இருக்கின்றது. அதனை உச்சத்துக்குத் திருப்பினால், எதிரியின் ஒவ்வோர் அடியும் இருமடங்கு வலிமை பெறும். அவன் அறிவு மட்டும் முன்போலவே இருக்கும். மூன்று இலக்கப் பெருக்கல் எளிதாயிற்று என்று ஆசிரியர் ஒன்பது இலக்கப் பெருக்கல் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கு நீளும், சிந்தனை நீளாது. எண்ணைப் பெருக்குவது இடரைக் கூட்டும் வழிகளுள் மிக எளியது; கடைத்தரமானதும் அதுவே என்பது என் கருத்து.

இங்கேதான் ஆர்வலர்கள் புகுந்தனர். வெளிவந்துவிட்ட விளையாட்டின் உள்ளமைப்பைத் திருத்தி, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும்படி விலையின்றி வழங்கும் திருத்தத்தை இளைஞர்கள் 'மாட்' என்பர். மாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாடிஃபிகேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் தலை மட்டும் நிற்கின்றது. நாம் அதனை மாற்றமைப்பு என்போம். பயோவேரில் எழுத்தாளராக இருந்த டேவிட் கெய்டரே, இறுதிப் போரைக் கடினமாக்கும் 'அசென்ஷன்' என்னும் மாற்றமைப்பை எழுதியவர். பின்னாளில் கணினி அறிவியல் பேராசிரியராக விளங்கிய வெஸ்லி வைமர் என்பவர், மாற்றமைப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் 'வைடு' என்னும் கருவியைச் செய்தார். கடினமான போர்கள் கொண்ட 'டாக்டிக்ஸ்' என்னும் தொகுதியும் அவருடையது. இவற்றுக்குப் பின்னே தோன்றி, இன்று பெரிதும் விரும்பப்படுவது 'ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ்' என்பது.

இம்மாற்றமைப்பின் மையக் கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் அது எதிரியின் உடல்வலியைப் பெருக்குவதில்லை. அவனுக்கு எழுதப்பட்ட கட்டளைகளையே மாற்றி எழுதுகின்றது. நமக்கு என்ன விதியோ அவனுக்கும் அதுவே விதி. நம்மிடம் உள்ள மந்திரங்களே அவனிடமும் உள்ளன. ஆயினும் அவற்றை இப்போது அவன் பயன்படுத்துகின்றான். பையில் மருந்திருந்தால் குடிக்கின்றான். தோழன் தாக்கப்பட்டால் அடுத்திருப்பவன் ஓடி வருகின்றான். மந்திரவாதி போருக்கு முன்பே தன்னைச் சுற்றிக் காவல் அமைத்துக்கொள்கின்றான். சுருங்கக் கூறின், இதுவரை எதிரே அமர்ந்திருந்த உறங்கும் மனிதன் விழித்துக்கொண்டான்.

என் பேரன் கல்லூரியில் படிக்கின்றான். மூல விளையாட்டை இருமுறை முடித்தவன். அவன் இம்மாற்றமைப்பைச் சேர்த்துக்கொண்டு ஆடத் தொடங்கிய நாள் முதலாகப் பல வாரங்கள் அருகில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாணவரைக் கவனித்துக் குறிப்பெழுதும் பழக்கம் ஏற்பட்டது. அது இன்னும் விடவில்லை.

முதலில் நான் கண்டது வீழ்ச்சி. கோடு எழவுமில்லை, கிடக்கவுமில்லை, இறங்கியது. ஒன்றும் அறியாத புதியவன் அடையும் தோல்வியைக் காட்டிலும், சிலவற்றை அறிந்தவனாகிய அவன் அடைந்த தோல்வி பெரிதாயிருந்தது. காரணம் வெளிப்படை. அவனிடம் பழக்கங்கள் இருந்தன. கதவருகே நின்று புகையை ஏவினான். எதிரி புகையிலிருந்து வெளியேறி வந்துவிட்டான். முதலில் எதிர்ப்பட்ட வீரன்மேல் அறுவரையும் ஏவினான்; அதற்குள் பின்னே நின்ற மந்திரவாதி தன் வேலையை முடித்துவிட்டான். முன்பு வெற்றி தந்த ஒவ்வொரு பழக்கமும் இப்போது தோல்விக்கு வழி காட்டியது.

ஒரு போரை மட்டும் சற்று விரிவாகச் சொல்லுகின்றேன். எதிரே ஒரு மந்திரவாதி. அவன் மூன்று வகைக் காவல் பூண்டிருந்தான். மறைப்பு ஒன்று, அது இருக்கும் வரை அவனைக் குறித்து மந்திரம் ஏவ இயலாது. ஏவிய மந்திரத்தைத் திருப்பிவிடும் காவல் ஒன்று. உடலுக்குக் காவல் ஒன்று. அதிலும் கல்லைப் போன்ற தோல் சில அடிகளைத் தாங்கும், வேறொரு மந்திரம் மாயம் ஏற்றிய ஆயுதம் எதனையும் உடலில் படவொட்டாது. இவற்றை நீக்குவதற்கும் மந்திரங்கள் உண்டு. ஆனால், வரிசை தவறக் கூடாது. முதலில் மறைப்பு விலக வேண்டும், பின்னர்த் திருப்பும் காவல் நீங்க வேண்டும், அதன்பின்னே உடற்காவலைத் தகர்க்க வேண்டும், இறுதியிலேதான் வாள். வரிசையை மாற்றி ஏவினால் மந்திரமும் வீண், அதற்குச் செலவான ஆறு வினாடியும் வீண். அந்த ஆறு வினாடியில் எதிரி சும்மா இருப்பதில்லை.

பேரன் வாளையே நம்பினான். குழுவில் இருந்த வாள்களுள் சிறந்தது எதுவோ, அதனைக் கொண்டு தாக்கினான். திரையின் அடியில் 'ஆயுதம் பயன்படவில்லை' என்னும் பொருள்பட ஒரு வரி எழுந்தது. மறுமுறை அதனினும் உயர்ந்த வாளை எடுத்தான். மறுபடியும் அதே வரி.

"தாத்தா, இது அநியாயம். இதைவிடச் சிறந்த வாள் விளையாட்டிலேயே சிலதான் உண்டு. அதுவும் படவில்லை!" என்றான்.

"படவில்லை என்பதை யார் உனக்குச் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"அதோ, கீழே எழுதி வருகிறதே."

"அது எப்போதெல்லாம் வருகின்றது, எப்போது வராமல் நிற்கின்றது என்று ஒருமுறை பாரேன்" என்றேன். விடையை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் கூறியிருக்க மாட்டேன்.

அவன் பார்த்தான். ஏறத்தாழ 24 வினாடி கழிந்ததும் அந்த வரி வருவது நின்றுவிட்டது. ஆயுதத்தைத் தடுக்கும் அந்தக் காவல் நான்கு சுற்றுகளுக்கு மட்டுமே நிற்பது. அப்படியானால், வாளை ஓங்காமல் கதவுக்கு வெளியே சென்று காத்திருப்பதே ஒரு வழி! இதனை அவன் கண்டது முதற்படி. மந்திரத்தின் விளக்கக் குறிப்பை அதன்பின்னரே படித்தான். 'மாயம் ஏற்றிய ஆயுதங்களினின்று காப்பது' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவன் எழுந்து நின்றுவிட்டான். மாயம் ஏற்றிய ஆயுதம் படாது என்றால், மாயம் ஏற்றாத ஆயுதம் படும் அன்றோ? எந்தக் கடையிலும் சில காசுக்குக் கிடைக்கும் வெறும் தடி! இதுகாறும் குப்பையென்று விற்றுவந்த பொருள் அது. வீரனிடம் ஒரு தடியைக் கொடுத்து அனுப்பினான். கல்தோல் அடியடியாக உரிந்தது; மந்திரவாதி வீழ்ந்தான்.

இந்தத் தடி அவன் கண்ணில் படாமல் ஏன் இத்தனை நாள் மறைந்திருந்தது? அறிவுக்குறை என்று எண்ணிவிடாதீர்கள். 1942-இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்னும் உளநூலார் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. மூன்று குடங்களைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட அளவு நீரை அளக்க வேண்டும். முதற்குடம் 21 அளவு கொள்ளும், இரண்டாவது 127, மூன்றாவது 3, வேண்டுவது 100. இரண்டாங்குடத்தை நிரப்பி, அதிலிருந்து முதற்குடத்தால் ஒருமுறையும் மூன்றாங்குடத்தால் இருமுறையும் எடுத்துவிட்டால் 100 நிற்கும். இதே வழியில் தீரும் கணக்குகள் சிலவற்றை வரிசையாகக் கொடுத்தார். பிறகு வேறொன்று: குடங்கள் 23, 49, 3; வேண்டுவது 20. பழைய வழியில் செய்தாலும் விடை வரும். ஆனால், 23-லிருந்து 3-ஐ எடுத்தால் போதுமே! பழைய வழியில் பழகியவர்களுள் மிகப் பலர் இந்த எளிய வழியைக் காணவில்லை. அப்பழக்கம் இல்லாமல் நேரே இக்கணக்குக்கு வந்தவர்கள் எளிதிற் கண்டனர். நேற்றைய வெற்றி இன்றைய கண்ணுக்குத் திரையாயிற்று. நல்ல மாற்றமைப்பு செய்யும் முதல் வேலை இத்திரையைக் கிழிப்பது. அது புதியதொன்றைக் கற்பிப்பதற்கு முன் பழையதொன்றை விடச் செய்கின்றது. அதனாலேயே கோடு முதலில் இறங்குகின்றது.

இறங்கிய கோடு உடனே ஏறிவிட்டதா என்றால், இல்லை. தடியைக் கண்டபின் மற்ற மந்திரவாதிகளையும் வென்றிருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். எல்லா எதிரியும் ஒரே காவலைப் பூணுவதில்லை. பல நாட்கள் பேரனின் ஆட்டம் ஒரே நிலையில் நின்றது. ஒவ்வொரு காவலின் பெயரும் தெரிந்திருந்தது. அதனை நீக்குவது எது என்பதும் தெரிந்திருந்தது. போரில் மட்டும் தோற்றான். 'எனக்கு இது வராது' என்றான் ஒருநாள். நான் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு வகுப்பில் கேட்ட சொல் அது.

இதற்கு விளக்கம் தேடி நாம் தந்தி அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம் நாட்டில் தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முடிவுற்றது. உங்களிற் பலர் ஒரு தந்தியைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். புள்ளியும் கோடுமாகிய ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை அது. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர், தந்தி கற்போரைப் பல வாரங்கள் ஆராய்ந்து 1897-லும் 1899-லும் கட்டுரைகள் வெளியிட்டனர். தந்தி அனுப்பும் திறமை ஒழுங்காக ஏறியது. ஒலியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் திறமையோ சிறிது ஏறியது. பின்னர் வாரக்கணக்கில் அப்படியே நின்றது. திடீரென்று மீண்டும் ஏறியது. நின்ற இடத்துக்கு அவர்கள் பீடபூமி என்றே பெயரிட்டனர். அந்தப் பீடபூமி எங்கே அமைந்திருந்தது தெரியுமா? முதன்மைக் கம்பியில் வேலைக்கு அமர்வதற்கு வேண்டிய விரைவுக்குச் சற்றுக் கீழே! இன்னும் சிறிது ஏறினால் பிழைப்புக்கு வழி உண்டு. அந்த இடத்திலே கற்போர் பலர் மனம் தளர்ந்தனர்.

அவர்கள் கூறிய காரணம் இது. தொடக்கத்தில் கற்பவன் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கின்றான். எழுத்து நன்கு பழகியபின் சொல்லை ஒரே ஒலியாகக் கேட்கத் தொடங்குகின்றான், அதன்பின் தொடரை. பீடபூமியில் அவன் சோம்பிக் கிடக்கவில்லை. கீழ்ப்படிப் பழக்கங்கள் தாமே இயங்குமளவு உறுதிப்படுகின்றன; உறுதிப்படும் வரை மேற்படி தொடங்குவதில்லை. இப்பீடபூமி எல்லாக் கற்றலிலும் தோன்றியே தீரும் என்று பின்வந்தோர் ஒப்பவில்லை. 1958-இல் ஃபிரெட் கெல்லர் என்பவர் தந்திக் கற்றலிலேயே அதனை ஐயுற்று எழுதினார். நான் படித்த பயிற்சிக் கல்லூரிப் பாடநூலில் அந்த மறுப்பு இடம்பெறவில்லை. எனினும், எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறுதல் என்னும் கருத்து சதுரங்க ஆராய்ச்சியால் வலுப்பெற்றது. சேஸ், சைமன் என்னும் இருவர் 1973-இல் காட்டியது நினைவுகொள்ளத்தக்கது. உண்மையான ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையைச் சில வினாடி காட்டி மறைத்தால், வல்லுநர் காய்களைப் பெரும்பாலும் திரும்ப வைத்துவிடுவார்; புதியவரால் சிலவே இயலும். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினாலோ வல்லுநரின் மேம்பாடு ஏறத்தாழ மறைந்துவிடும். அவர் காய்களைத் தனித்தனியே காணவில்லை, கூட்டங்களைக் கண்டார்.

பேரனிடத்தும் இதுவே நிகழ்ந்தது. தொடக்கத்தில் மந்திரவாதியைச் சுற்றி எழும் ஒளிகளை ஒவ்வொன்றாக எண்ணினான்; எண்ணி முடிப்பதற்குள் போர் முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரி தோன்றியதும் ஆட்டத்தை நிறுத்தினான்; "இவன் நான்கு சுற்று மட்டும் காப்பவன்; விலகி நின்றால் போதும்" என்று ஒரே மூச்சில் சொன்னான். அன்று முதல் கோடு விரைந்து ஏறியது. முந்திய வாரம் அவன் அறியாத செய்தி எதனையும் அன்று அவன் புதிதாக அறிந்திருக்கவில்லை. பத்துச் செய்தி ஒரே செய்தியாகிவிட்டது, அவ்வளவே.

படுத்துக் கிடக்கும் கோட்டின்மேல் ஒருவன் நிலைத்து நிற்பதற்கு எது துணை செய்கின்றது? இரண்டு துணைகளைக் கண்டேன். தோல்வி இங்கே மலிவானது. போருக்கு முன் நிலைமையைப் பதிந்து வைத்துவிட்டால், தோற்றதும் அவ்விடத்திலிருந்தே மீண்டும் தொடங்கலாம். தேர்வில் தோற்றவன் ஓராண்டை இழக்கின்றான். இங்கே சில நிமிடம். ஆனால், மலிவு ஒன்றே போதாது. தோற்றதும் தோற்றதும் காரணம் பாராமல் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்குபவன், பகடை தனக்கு இசைவாக விழும் வரை முயல்கின்றான். நூறாவது முறை வென்றாலும் அவன் கோடு அசைவதில்லை. 'ஆயுதம் பயன்படவில்லை' என்னும் அந்த ஒரு வரி பெரிய ஆசிரியர். 'நீ தோற்றாய்' என்று மட்டும் சொல்லாமல், எங்கே தோற்றாய் என்று அது சொல்லிற்று. நம் விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்து வெறும் எண்ணை இடும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மேலே சொல்ல விரும்பவில்லை.

இம்மாற்றமைப்பில் குறையே இல்லை என்று நான் கூற மாட்டேன். மந்திரவாதி காவல் பூண்டபடியே தோன்றுவது முறையா என்று ஆடுவோர் சிலர் கேட்கின்றனர். பகைவர் நடுவே வாழ்பவன் காவலோடு இருப்பது இயல்பே என்பது மறுமொழி. அதனை நான் ஏற்கின்றேன். ஆயினும், கதவைத் திறக்கும் வரை எதிரி யார் என்பதற்கு ஒரு குறிப்புமின்றி, திறந்ததும் முன்னேற்பாடு இல்லாத குற்றத்துக்குக் குழுவே அழிந்துபோவதும் இத்தகைய விளையாட்டுகளில் உண்டு. ஒருமுறை இறந்தால்தான் விடை தெரியும் என்றால், அது சிந்தனைக்கு வைத்த கேள்வி ஆகாது. நினைவுக்கு வைத்த கேள்வி. கடினமான கேள்விக்கும் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விக்கும் உள்ள வேற்றுமையை மாணவராகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மாற்றும் அவ்வமைப்பிலேயே உள்ளது. முழுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மந்திரவாதியின் அறிவைக் கூட்டும் பகுதி வேறு, பூசகர்க்கு வேறு, டிராகனுக்கு வேறு, தோழரைக் கூவி அழைக்கும் பகுதி வேறு. வேண்டியதைச் சேர்க்கலாம், மிகையென்று தோன்றினால் நீக்கலாம். போருக்கு முன் எதிரி எவ்வளவு காவல் பூணலாம் என்பதையும் ஆடுபவனே வரையறுக்கலாம். 1994-இல் ராபர்ட் பியார்க் என்னும் அமெரிக்க உளநூலார், 'விரும்பத்தக்க இடர்கள்' என்னும் கருத்தை முன்வைத்தார். கற்கும்போது சற்று அரிதாக்கும் சில ஏற்பாடுகள், கற்றதை நெடுநாள் நிற்கச் செய்கின்றன என்பது அதன் சாரம். கற்பவனிடம் அவ்விடரைத் தாண்டுவதற்குப் போதிய முன்னறிவு இல்லையானால், அது விரும்பத்தக்கதாக இராது என்பதையும் அக்கருத்தினர் வற்புறுத்துவர். பேரன் முதலில் மந்திரவாதிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினான். இரண்டு திங்களுக்குப் பின் டிராகனைச் சேர்த்தான். இந்த வரிசையை நான் சொல்லித் தரவில்லை. பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் நான் அமர்ந்ததுண்டு. இத்தனை எளிதாக ஒரு முடிவுக்கு நாங்கள் வந்த நினைவு இல்லை.

பெற்றோர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கின்றது. இவ்வளவு பாடுபட்டு இவ்விளையாட்டில் கூர்மை பெற்ற அறிவு, இயற்பியலிலும் கணக்கிலும் கூர்மையாகிவிடுமா? ஆகிவிடும் என்று உறுதி கூறுவோர் உண்டு. நான் அவருள் ஒருவன் அல்லேன். தார்ன்டைக், உட்வொர்த் என்னும் இருவர் 1901-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தனர். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணளவால் மதிப்பிடப் பயின்றவர்கள், வேறு உருவங்களை மதிப்பிடுவதில் எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லை. இரு செயல்களுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ, அவ்வளவே பயிற்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் என்று அவர்கள் கண்டனர். சதுரங்க வல்லுநரின் நினைவும், காய்களை இறைத்த பலகையின்முன் கைவிட்டதை முன்னே கேட்டீர்கள். மந்திரவாதியின் காவல்களை வரிசையாக நீக்கத் தெரிந்தவனுக்குத் தொகைநுண்கணிதம் தானே வந்துவிடாது. அதற்கு அதற்குரிய எழுத்துகளும், அதற்குரிய சொற்களும், அதற்குரிய பீடபூமியும் இருக்கின்றன. பேரன் இப்பருவத்தில் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கின்றான். 'இது வராது' என்று அவன் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. குறிப்பேட்டில் தவறிய கணக்குகளின் பக்கத்தில், எந்த வரியில் தவறியது என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பதை மட்டும் பார்த்தேன். அது விளையாட்டிலிருந்து வந்த பழக்கமா, அவன் பள்ளியாசிரியர் ஒருவரிடமிருந்து வந்த பழக்கமா என்று நான் கேட்கவில்லை.